பதினேழாவது கடை

சீசன் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கெலியா பஜார் விடியும்போதே இரைச்சலாகிவிடும். நல்லதண்ணிக்குப் போகிற பஸ்களின் ஹோர்ன் ஒரு பக்கம். இரவு முழுக்கப் பாவாத மலை ஏறி இறங்கிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி இஞ்சித் தேநீர் தேடுகிறவர்கள் மறுபக்கம். அவர்களில் ஒருவரும் என் கடைக்குள் வருவதில்லை. மலை ஏறுகிறவனுக்குப் போட்டோ கொப்பி எதற்கு? அதனால்தான் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவுசெய்தேன்.

என்னுடையது ஒரு சிறிய கொமியூனிகேஷன். தட்டச்சு, போட்டோ கொப்பி, லெமினேட்டிங், கலியாண அழைப்பிதழ். தோட்டத்து ஆட்களின் சேமலாப நிதி விண்ணப்பங்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தக் கடிதம் என்பவையே என் அன்றாடச் சோறு. இத்தனையும் ஒரேயொரு கொம்பியூட்டரின் தலையில். அதில் ஓடுவது லினக்ஸ், உபுண்டு என்ற வகை. "நானா, உங்கட மெஷின்ல கேம் ஒண்டும் இல்லையே" என்று பையன்கள் குறைப்படுவார்கள்.

2008இல் வந்த பழக்கம் அது. அந்நாட்களில் திருட்டு வின்டோஸை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு சொல்லி மாளாது. யாராவது பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகினால் அவர்களுடைய கடிதத்தோடு நாலு வைரஸும் இறங்கும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். எழுதிக் கேட்டால் உபுண்டுவை இலவசமாகவே அனுப்புகிறார்கள் என்று யாரோ சொல்ல, கேட்டுப் பார்த்தேன். சில வாரங்களில் தபால்காரர் ஒரு கடித உறையை நீட்டினார். உள்ளே 8.04 பதிப்பின் சிடி. தபால் செலவுகூடக் கேட்கவில்லை. மஸ்கெலியாவின் ஒரு கடைக்காரனைத் தேடி, காசு வாங்காமல், கடல் கடந்து ஒரு பொருள் வந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போதும் நினைத்துக்கொள்வேன். 2011இல் அந்த இலவச விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

2025 தொடக்கத்தில் என் கடையில் ஓடியது 20.04 பதிப்பு. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அந்த ஆண்டின் நடுப்பகுதிக்கு முன்பே நின்றுவிடும் என்று அறிவித்திருந்தார்கள். ஊராரின் அடையாள அட்டை இலக்கமெல்லாம் கிடக்கிற மெஷின் அது. நோன்புக்கு மூன்று வாரம் இருந்தது. நோன்பு வந்தால் நேரமிராது. 22.04க்கு மாறிவிடுவதென்று சனிக்கிழமை இரவே உட்கார்ந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். லினக்ஸில் மென்பொருள்கள் பொதி பொதியாக வருகின்றன. ஒரு பொதி தனியாக வாழாது. எழுத்து தட்டுகிற மென்பொருளுக்கு எழுத்துருவைத் திரையில் வரைகிற பொதி தேவை, அதற்கு இன்னொன்று, அதற்கும் அடியில் எல்லோருக்கும் பொதுவான ஒன்று. எந்தப் பொதி எந்தப் பொதியின் எந்தப் பதிப்பை நம்பி நிற்கிறதென்று ஒரு கணக்கப்பிள்ளை பேரேடு வைத்திருக்கிறான். அவனுடைய பெயர் டிபிகேஜி. உபுண்டு பிறந்தது 2004இல். அதன் தாய் வீடான டெபியன் 1993இல் தொடங்கியது. கணக்கப்பிள்ளை அந்தத் தாய் வீட்டிலிருந்தே வந்தவன். அவனுக்கு மேலே அப்ட் என்றொரு மேற்பார்வையாளன் இருக்கிறான். எதை இறக்குவது, எந்த ஒழுங்கில் மாற்றுவதென்று தீர்மானிப்பது அவன் வேலை. பதிப்பு மாறும்போது பேரேட்டில் இருக்கிற அத்தனை பொதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாறும். என் மெஷினில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

சனி இரவு அந்தத் தரமுயர்த்தும் கருவி வேலையைத் தொடங்க மறுத்துவிட்டது. கணக்குச் சரிவரவில்லை, வெளியாரின் பொதியோ நிறுத்திவைத்த பொதியோ காரணமாக இருக்கலாம் என்று சொல்லி நின்றுகொண்டது. விவரம் எந்தப் பதிவேட்டில் உண்டென்றும் காட்டியது. நான் அதைத் திறந்து படித்திருக்க வேண்டும். படிக்கவில்லை. பதினேழு வருட அனுபவஸ்தன் அல்லவா! மூலங்களின் பட்டியலில் பழைய பதிப்பின் செல்லப்பெயரான ஃபோக்கலை அழித்துப் புதியதான ஜம்மியை என் கையாலேயே எழுதினேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, முழுவதையும் மாற்று என்று அப்ட்டுக்குக் கட்டளை கொடுத்தேன். கருவி வேண்டாமென்றதைக் கையால் செய்தவன் நான். பிறகு நடந்ததில் குரங்குக்குப் பாதிப் பங்கு என்றால் மீதி என்னுடையது.

குரங்கின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அன்று முற்பகல் பதினொன்றரை மணியளவில் முழு இலங்கைக்கும் மின்சாரம் போனது. தெற்கே ஓர் உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. நானும் சிரித்திருப்பேன். ஒன்றரை ஜிபிக்கு மேல் இறக்கி முடித்து, பொதிகளை அவிழ்த்து வைக்கிற கட்டத்தில் மெஷின் இருந்தது.

யூ.பி.எஸ். கீச்சிடத் தொடங்கியது. பெற்றரி பழையது, ஏழெட்டு நிமிடம் தாங்கினால் அதிகம். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவிழ்க்கிறது, அவிழ்க்கிறது, அவிழ்க்கிறது. கொன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிடலாமா என்று விரலைக் கொண்டுபோனேன். நிறுத்தினாலும் பாதி, விட்டாலும் பாதி. விட்டுவிட்டேன். திரை அணைந்தது.

கடைக்குள் ஒரு தோட்டத்து அக்கா காத்திருந்தார். நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். சேமலாப நிதிக்காகத் தோட்டத்து ஒபிஸுக்குக் கொடுக்க வேண்டிய கடிதம். பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் பதிந்திருந்ததால் வந்த வினை. முந்தின நாள் தட்டி வைத்திருந்தேன், பிரின்ட் எடுக்கவில்லை.

"கரண்டு வந்தா எடுத்துருவீங்களா நானா?"

"எடுத்துத் தாறேன் அக்கா. செவ்வாய்க்கிழமை வாங்க."

எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. லுஹருக்கு முஅத்தின் ஒலிபெருக்கியில்லாமல் வெறும் குரலில் பாங்கு சொன்னார். பஸ் இரைச்சலுக்கு மேலால் அது மெலிதாக வந்தது.

எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பியபோது மஃரிப் தொழுது முடிந்திருந்தது. மெஷினைப் போட்டேன். கறுப்புத் திரை, மூலையில் துடிக்கிற ஒரு கோடு. அவ்வளவுதான்.

தங்கச்சி மகன் டோஹாவில் கொம்பியூட்டர் வேலை செய்கிறான். போன் எடுத்தேன்.

"மாமா, அதோட மல்லுக்கட்டாதீங்க. ஃபோர்மட் அடிச்சிட்டுப் புதுசாப் போடுங்க. ஒரு மணித்தியாலம்."

"உள்ளுக்குச் சாமான் இருக்கே மகன்."

"பெக்கப் இல்லையா?"

நான் பேசவில்லை. அவனும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உள்ளே இருந்தவற்றில் கலியாண அழைப்பிதழ் போனால் திரும்பத் தட்டலாம். தட்ட முடியாதது ஒன்றிருந்தது. வாப்பா சொல்ல நான் தட்டிய பழைய மஸ்கெலியா.

இப்போது நாங்கள் இருக்கிற பஜார் இரண்டாவது மஸ்கெலியா. முதலாவது, மவுஸாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. மஸ்கெலி ஓயாவை மறித்து அணை கட்டியபோது, 1960களின் இறுதியில், ஊரைக் கிளப்பி மேலே கொண்டுவந்தார்கள். வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது கோயிலின் இடிபாடும் பள்ளிவாசலின் இடிபாடும் வெளியே தலை காட்டும். ஆட்கள் போய் நின்று போட்டோ எடுப்பார்கள். வாப்பா ஒருநாளும் போனதில்லை. "மையத்தத் தோண்டிப் பாக்கிறதா?" என்பார். ஆனால் 2004இல், தானாகவே ஒரு மாலை கடைக்கு வந்து உட்கார்ந்து, "எழுது" என்றார். பாலத்தடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கடையாகச் சொன்னார். யார் கடை, என்ன விற்றார்கள், பலகைக் கதவா தகரக் கதவா, யாருக்கு யாரிடம் கடன். பல மாலைகள் நடந்தது. 2007இல் வாப்பா மௌத்தானார். வாப்பா சொன்ன ஊர் முழுவதும் என்னிடம் இருக்கிறதென்று கேட்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தச் சஞ்சிகையின் ஆசிரியருக்கும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கோப்பு வின்டோஸ் 98 மெஷினில் பிறந்து, டிஸ்க்குக்கு டிஸ்க் தாவி, அன்று இந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருந்தது.

பொதி மேலாளன் நம்முடைய கோப்புகளில் கை வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அவனுடைய ராச்சியம் வேறு, நம்முடைய வீட்டுக் கோப்புறை வேறு. ஆனால் மின்சாரம் வெட்டியதில் டிஸ்க்குக்கு என்ன ஆனதென்று யார் கண்டார்? தெரிந்திருப்பதும் நிம்மதியாக இருப்பதும் ஒன்றல்ல.

மெஷினைத் திரும்பப் போட்டு, தொடக்கத்திலேயே மறித்து, பட்டியலில் பழைய கேர்னலைத் தேடினேன். 5.4 இன்னும் அங்கே இருந்தது. புதியது முழுதாக உட்காரும்வரை பழையதைத் தூக்கியெறியாத நல்ல பழக்கம் உபுண்டுவுக்கு உண்டு. அதன் மீட்பு முறையில் நுழைந்தேன். படமில்லை, சுட்டியில்லை, வெறும் எழுத்து. பென் டிரைவைச் சொருகி, வீட்டுக் கோப்புறையைப் பார்த்தேன். கோப்பு இருந்தது. இருப்பதும் உயிரோடு இருப்பதும் வேறல்லவா? திறந்து பார்க்க வேண்டும்.

அந்த வெறும் எழுத்துத் திரைக்குத் தமிழ் தெரியாது. முதலில் அக்காவின் கடிதத்திலிருந்து மேசையில் கிடந்த ஒரு பிரதியைத் திறந்து பார்த்தேன். யுனிகோடில் தட்டியது. வரிசை வரிசையாகக் கட்டங்கள். இலங்கைத் தரமான ரெங்கநாதன் விசைப்பலகையில் ஒழுங்காகத் தட்டிய தமிழ் அது, ஓர் எழுத்தும் தெரியவில்லை. பிறகு வாப்பாவின் கோப்பைத் திறந்தேன். அது பாமினி.

பாமினியில் தட்டி வளர்ந்த தலைமுறை நாங்கள். இந்த நாட்டின் தமிழ்ப் பத்திரிகை, சஞ்சிகை, துண்டுப்பிரசுரமெல்லாம் நெடுங்காலம் அதில்தான் அச்சேறின. பாமினி உண்மையில் தமிழ் அல்ல. ஆங்கில எழுத்துக்கு மேலே போர்த்திய தமிழ்ப் போர்வை. எம் என்ற எழுத்தைத் தட்டினால் திரையில் அ தெரியும். மெஷினைப் பொறுத்தவரை அது எம்மாகவே இருக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை கழன்று குப்பையாகத் தெரியும். அதைக் கைவிடச் சொல்லி எத்தனை பேரோடு வாதாடியிருக்கிறேன்! அன்றிரவு அந்தக் குப்பை ஓர் எழுத்துப் பிசகாமல் திரை நிறைய வந்து நின்றது. பேஜ்மேக்கருக்குள் கொண்டுபோவதற்காக வெறும் உரையாகச் சேமித்து வைத்திருந்தேன், அதுவும் நல்லதாகிப்போனது.

முதல் வரியில் ஓரிடத்தில் சி, கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தது. கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்தது. உம்மா. உம்மாவை வாப்பா மணமுடித்துக் கூட்டிவந்த வருடத்திலிருந்து கதையைத் தொடங்கியிருந்தார். மேசை விளிம்பில் விரலைத் தட்டித் தட்டி வாசித்தேன். டி, எச், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச். வாப்பா. மெதுவாகத்தான் போனது. ஆனால் போனது. பாலத்தடிச் சாயக்கடை, அடுத்தது சில்லறைக் கடை, புடவைக் கடை, பேக்கரி, இரும்புக் கடை. இருபது வருடத்துக்குப் பிறகு வாசிக்கிறேன். பதினேழாவது, ஒரு தையல்கடை. வாசலில் இரண்டு மெஷின், ஒன்றுக்கு மிதி பலகை உடைந்தது. அதோடு கோப்பு முடிந்தது.

டிஸ்க் பழுதாகி அறுந்துவிட்டதென்றுதான் நினைத்தேன். கீழே தள்ளிப் பார்த்தேன். கடைசி வரியில், அடைப்புக்குறிக்குள், என் குறிப்பு: மிச்சம் நாளைக்கு.

அறுந்தது டிஸ்க்கில் அல்ல. அந்த நாட்களில் பாடசாலை வினாத்தாள் வேலை ஒன்று வந்திருந்தது, இரவிரவாகத் தட்டினேன். வாப்பா இரண்டு மாலை வந்து உட்கார்ந்துவிட்டு எழும்பிப் போனது இப்போது ஞாபகம் வருகிறது. "வேல இருந்தா பாரு, அவசரமில்ல" என்று சொன்னதும். மூன்று வருடம் இருந்தார் அதற்குப் பிறகு. நான் கேட்கவில்லை. ஊர் முழுக்க என்னிடம் இருக்கிறதென்று சொல்லித் திரிந்தவன், ஒருமுறைகூடக் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். பிறகு மெஷின் பக்கம் திரும்பினேன். வேறென்ன செய்வது?

டிபிகேஜியிடம், விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒழுங்கமை என்றால், அவன் பேரேட்டையே வாசிக்க முடியவில்லை என்றான். அவன் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் சின்னச் சின்ன இலக்கமிட்ட துண்டுகளில் எழுதி வைத்து, பிறகு பேரேட்டில் ஏற்றுகிறவன். எழுதிக்கொண்டிருந்த துண்டொன்றில் மின்சாரம் போயிருக்கிறது. அதற்குள் இடம் பிடிக்க வைத்த வெற்று நிரப்பு வரிகள் மட்டுமே கிடந்தன. அந்த ஒரு துண்டை மட்டும் அப்புறப்படுத்தினேன், பேரேடு திறந்தது. அவிழ்த்தவை, பாதி நிறுவியவை, பாதி ஒழுங்கமைத்தவை என்று ஒவ்வொரு பொதிக்கும் நேரே நிலை எழுதியிருந்தது. பொய் எழுதத் தெரியாத கணக்கப்பிள்ளை. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதில் அவனுக்கு மயக்கமில்லை.

நள்ளிரவுவரை ஒழுங்கமைத்தான். உலாவிப் பொதியில் வந்து நின்றான். புதிய பதிப்பில் ஃபயர்ஃபொக்ஸ் வெறும் பெயர்ப்பலகை மட்டும். உள்ளடக்கத்தை வேறொரு களஞ்சியத்திலிருந்து அந்த நேரத்திலேயே இறக்கப் பார்க்கும். இணைப்பில்லையென்றால் பிழை சொல்லி விழும். அன்றிரவு எங்கள் பக்கத்தில் சிக்னல் இருந்தும் இல்லாத மாதிரி. அதை ஒதுக்கிவிட்டுத் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமையும் நிம்மதியில்லை. மின்நிலையமொன்று திரும்ப இயங்காததால் பிற்பகலுக்குப் பின் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். அதற்கு முன் முடிக்க வேண்டும். காலையில் அப்ட்டைக் கூப்பிட்டால், பூட்டு இன்னொருவர் கையில் என்றது. மெஷின் தானாகவே திருத்தங்களை இறக்குகிற வேலையாள் ஒருவன் பேரேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று சொல்லித்தருகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒரே பேரேட்டில் இரண்டு பேர் எழுதினால் என்ன நடக்கும்? தேநீர் குடித்துவிட்டு வந்தேன். பூட்டுத் திறந்திருந்தது.

கடைசியாக வந்தது சனிக்கிழமை நான் படிக்காமல் விட்ட விஷயம். நிறுத்திவைத்த பொதிகள் உடைந்திருக்கின்றன என்றது. நிறுத்திவைத்தவற்றைக் காட்டு என்று கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது. என் பழைய லேசர் பிரின்டரின் டிரைவர். உற்பத்தியாளர் கைவிட்ட பிரின்டர். டிரைவர் மாறிவிடக் கூடாதென்று எப்போதோ நானே அதற்குத் தடை போட்டு மறந்திருந்தேன். அது ஒரு பழைய நூலகப் பொதியை விடமாட்டேன் என்று பிடிக்க, அந்தப் பொதியை நம்பி நாற்பது ஐம்பது பொதிகள் நடுவழியில் நின்றன. தடையை எடுத்தால் பிரின்டர் போகும். வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தம் அழைப்புக்கூட அதில் அச்சடித்ததுதான். எடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் உட்கார்ந்தது. பகல் ஒரு மணிக்குத் திரையில் புதிய பதிப்பின் படம் வந்தது. பிரின்டர் செத்துப்போனது.

அக்காவின் கடிதத்தை எதிர்க்கடையில் பிரின்ட் எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொண்டு, காசு தர முந்தானை முடிச்சை அவிழ்த்தார். வாங்கவில்லை. "கரண்டு போனதுக்கு நானா என்ன செய்வீங்க" என்று ஐம்பது ரூபாயை மேசையில் வைத்துவிட்டே போனார்.

அன்றிரவு வாப்பாவின் கோப்பைப் பிரின்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். உம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, கண் மங்கல், காது நல்லது. பாலத்தடியிலிருந்து வாசித்தேன். தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தையல்கடையில் நிறுத்தினேன்.

"அதுக்கு அங்கால என்ன கடை உம்மா?"

"எனக்கு முன்பக்கம் தெரியா மகன். நாங்க எங்க ரோட்டால போனோம்? எல்லாம் பின்வாசல்தானே." கொஞ்சம் யோசித்தார். "தையல்காரர்ர பின்வாசல்ல ஒரு கொய்யா. அதுக்கு அடுத்த வளவில கிணறு. அந்தக் கிணத்துத் தண்ணிதான் ஏழு ஊட்டுக்கு. கிணத்துக்கார ஊட்டில எண்ணெய் வாசம் வரும்."

"எண்ணெய்க் கடையா?"

"கடை என்னவோ. எண்ணெய் வாசம் வரும். அந்தப் பொம்புள எனக்கு முதல் பிள்ளைக்கு மருந்தரைச்சுத் தந்தவ. அவட பேர எழுது முதல்ல."

எழுதினேன். யுனிகோடில் தட்டுகிறேன் இப்போது. பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன, தங்கச்சி மகனுக்கும் ஒன்று அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். பின்வாசல் வழியாக இருபத்திரண்டாவது வளவுவரை வந்திருக்கிறோம்.